டன் கணக்கு மட்டும் போதாது

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கரை திரும்பும் முதல் நாளில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை டன்?" மறுநாள் பேப்பரில் அந்த எண்ணும் இறால் விலையும் வந்துவிடும். மீன்வளம் நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கும் அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறோம். பாம்பனில் நாட்டுப்படகுக் குடும்பத்தில் பிறந்து, மீன் விற்கும் பெண்களின் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். எனக்கு அந்த எண் போதவில்லை. கடலுக்கு ஒன்று, படகுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என மூன்று கணக்குப் பார்த்தால்தான் இந்தத் தொழில் நிலைக்குமா என்பது தெரியும்.

முதலில் கடல். இழுவை மடியில் வந்ததில் இறால், கணவாய், நண்டு எல்லாம் பிரித்தபின் மிஞ்சும் குவியலைச் சங்காயம் என்போம். கிளறிப் பார்த்தால் காரலுக்கு நடுவே விரல் நீள விளைமீன் குஞ்சும் பாறைக் குஞ்சும் கிடக்கும். அடிமாட்டு விலைக்கு ஆலைக்குப் போய், அரைபட்டுக் கோழித்தீவனமாகும். டன் கணக்கில் வளர்ந்த மீனும் எடைதான், இந்தக் குஞ்சும் எடைதான். மடியின் கடைசியில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. அது நடப்பில் உள்ளதா என்று பார்க்க, சங்காயக் கூடையில் குஞ்சு எவ்வளவு என்று எண்ணினாலே போதும்.

பிடிப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பார்த்துவிட்டது. காட் மீன் அருகிவந்தபோதும், மிஞ்சியவை திரண்ட இடங்களைக் கருவி வைத்த கப்பல்கள் தேடிப்போய் அள்ளின. பிடிப்பு குறையாததால் மீன் நிறைய இருப்பதாகவே கணக்கிட்டார்கள். 1992 ஜூலையில் தடை வந்தபோது சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள்.

அடுத்து படகு. ஒரு ஃபைபர் படகு 10,000 ரூபாய்க்கு மீன் கொண்டுவந்தது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய், ஐஸ், சாப்பாடு என்று பாதி போய்விடும். மீதியில் படகுக்கும் வலைக்கும் பாதியை எடுத்தால், நான்கு பேருக்கு ஆளுக்கு 625 ரூபாய். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அவர் வைத்ததுதான் விலை. அந்த 10,000 கூடத் தேறாது. ஒரு கூடை மீனுக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் எரிந்தது என்று ஆண்டுதோறும் குறித்துவந்தால், மீன் எவ்வளவு தூரம் விலகிப் போகிறது, கையில் நிற்பது எவ்வளவு குறைகிறது என்ற இரண்டுமே விளங்கும்.

கடைசியாக வீடு. ஏலத்தில் பெரிய குவியல்கள் கம்பெனி வண்டிகளுக்குப் போகின்றன. எங்கள் பெண்களுக்கு ஓர் அன்னக்கூடை மீன் கிடைப்பதே பாடு. அதற்கும் காலையில் தண்டல் வாங்கி மாலையில் வட்டியோடு கட்ட வேண்டும். மீன் விலை ஏறினால் முதலுக்கு இன்னும் அதிகக் கடன் வேண்டும். குழு நோட்டில் மீன் விலையும் பெண்களின் கடனும் சேர்ந்தே ஏறிய மாதங்கள் உண்டு. அந்த மாதங்களை டன்னும் ரூபாயும் நல்ல மாதம் என்றுதான் சொல்லும்.

இப்படி அளப்பது புதிதல்ல. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, உலகின் 61 மீன்பிடிப்புகளைச் சூழல், பொருளாதாரம், சமூகம் என்று 68 அளவைகளில் எடுத்து, 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் இன்றும் இறங்குதளங்களுக்கு வந்து மாதிரிக் கணக்கு எடுக்கிறார்கள். அந்தத் தாளில் குஞ்சுக்கும், எண்ணெய்க்கும், கடனுக்கும் மூன்று பத்தி சேர்ப்பது பெரிய காரியமில்லை.

பாக் நீரிணையில் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டத்தை 2017-இல் தொடங்கினார்கள். எத்தனை படகு கொடுத்தோம் என்பது அதன் வெற்றிக் கணக்கு ஆகாது. சங்காயம் குறைந்ததா, தவணை கட்ட முடிகிறதா, கரையில் பெண்களுக்கு மீன் வருகிறதா என்று கேட்க வேண்டும்.

ஆண்டுதோறும் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-க்கு முன்னால் இந்த மூன்று கணக்கையும் ஏலக்கூடச் சுவரில் ஒட்டுங்கள், ஊர்க்கூட்டத்தில் வாசியுங்கள். 61 நாள் படகைக் கட்டிப்போடுகிறவர்கள் அதனால் விளைந்தது என்ன என்று கேட்கிறார்கள். 'இத்தனை டன்' என்பது அதற்குப் பதிலல்ல.