சாதி பேசக் கூடாது என்ற விதி யாருக்கானது?

சென்னையில் திரைப்படமும் நேரடி இசையும் பிடித்தவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, உறுப்பினர் ஒருவரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடியில் கூடுவோம். திரை கட்டி ஒரு படம், அது முடிந்ததும் பாட்டு. தியேட்டரில் ஓடாமல் போய், பிறகு ரசிகர்களால் தூக்கி நிறுத்தப்பட்ட படங்கள்தான் அங்கே வேதம். 2011இல் வெளியான 'ஆரண்ய காண்டம்' படத்தின் வசனங்களை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாதவர் அரை ரசிகர்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு விதி சொல்லப்படும்: இங்கே அரசியல், மதம், சாதி பேசக் கூடாது. அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆய்வுத் துறையிலும் விடுதியிலும் உதவித்தொகைக்காக அலையும் அலுவலகங்களிலும் எந்நேரமும் சாதியைச் சுமந்து திரிகிறவனுக்கு, சில மணி நேரம் வெறும் ரசிகனாக இருப்பது பெரிய ஓய்வு.

அந்த விதி யாருக்கானது என்று எனக்குப் புரிய வைத்தது 'தேவர் மகன்'.

1992இல் வந்த அந்தப் படத்தை ஒரு மாதம் திரையிட்டோம். திரைக்கதை, நடிப்பு, இளையராஜாவின் இசை என்று பேச எவ்வளவோ இருக்கிறது; பேசினோம். பிறகு கிட்டாரோடு உட்கார்ந்திருந்த நண்பர் அந்தப் படத்தின் புகழ்பெற்ற பெருமைப் பாட்டை எடுத்தார். எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். முடிந்ததும் நான் இவ்வளவுதான் சொன்னேன்: "இந்தப் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு எங்கள் ஊரில் ஊர்வலம் வரும். அன்றைக்கு அம்மா பகலிலேயே கதவைச் சாத்திவிடுவார்." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருங்கிணைப்பாளர் என் தோளில் கை போட்டுச் சிரித்தார். "ப்ரோ, ரூல் தெரியும்ல?"

தலைப்பிலேயே சாதிப் பெயரைத் தாங்கிய படம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. அது சாதி பேசியதாகாது. அந்தச் சாதியின் பெருமையைக் கூட்டமாகப் பாடியதும் சாதி பேசியதாகாது. அந்தப் பாட்டுக்குப் பயந்து கதவைச் சாத்திய வீட்டில் வளர்ந்தவன் இரண்டு வாக்கியம் பேசினால் மட்டும் விதி மீறப்பட்டுவிடுகிறது.

2023இல் 'மாமன்னன்' இசை வெளியீட்டு மேடையில், கமல்ஹாசன் எதிரிலேயே, 'தேவர் மகன்' தன்னை எப்படி அலைக்கழித்தது என்று மாரி செல்வராஜ் பேசினார். அந்தப் படத்தில் வடிவேலு ஏற்ற இசக்கிதான் தன்னுடைய மாமன்னன் என்றார். ஒரு படத்தை இவ்வளவு ஆழமாகப் பார்த்து, அதற்குப் பதிலாக இன்னொரு படத்தையே எடுத்த மனிதரைவிடப் பெரிய ரசிகர் யார்? ஆனால் எங்கள் மாடியில் அவர் பெயரைச் சொன்னால், "அவர் எப்பவும் அதையேதான் பேசுவார்" என்பதே பதிலாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு டிசம்பரில் 'மண்ணின் இசை' என்று ஒரு மாலை நடத்த முடிவானது. பறையிசைக் குழுவை அழைத்து வரும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஏன் என்னிடம் வந்தது என்று யாரும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. முந்தைய மாதம் மூன்று பேர் கொண்ட இசைக்குழுவுக்கு ரூ.12,000 கொடுத்திருந்தோம். ஆறு பேர் கொண்ட பறைக் குழுவுக்குப் 'போக்குவரத்துச் செலவு' ரூ.2,000. பறையைக் காய்ச்ச மாடியில் தீ மூட்டக் கூடாது என்றார்கள். கீழே வண்டி நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் காய்ச்சிக்கொண்டு மேலே வந்தார்கள். அடிக்கத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகவில்லை. குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து கேட்டார்: "இங்க யார் செத்துட்டாங்க?"

அதே மாடியில் முந்தைய மாதம் டிரம் செட் இரவு 11 மணி வரை முழங்கியது. ஒருவரும் படியேறி வரவில்லை. எங்கள் ஒருங்கிணைப்பாளர் அன்று மன்னிப்புக் கேட்டார். பறைக் குழுவிடம் அல்ல, சங்கத்துக்காரரிடம்.

"கலைக்கு ஏது சாதி?" என்பார்கள். கச்சேரி மேடையில் புனிதமாக உட்கார்ந்திருக்கும் மிருதங்கத்தைக் கேளுங்கள். மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் இல்லாமல் அது பேசாது. தலைமுறை தலைமுறையாக அந்தத் தோலைப் பதப்படுத்தி மிருதங்கம் செய்கிறவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய நூலை 2020இல் கலாக்ஷேத்ராவில் வெளியிட இருந்தபோது, கொடுத்த அனுமதியை அந்த நிறுவனம் திரும்பப் பெற்றது. நாதம் வேண்டும், தோலைப் பற்றிய பேச்சு வேண்டாம் என்பது எங்கள் மாடி கண்டுபிடித்த விதி அல்ல.

சினிமாவும் அப்படித்தான். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி என்ற தலித் பெண். அதைப் பொறுக்காத ஆதிக்க சாதியினர் அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். தன் படம் திரையில் ஓடுவதை உட்கார்ந்து பார்க்கும் உரிமைகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

"இது பொழுதுபோக்குக்கான குழுதானே, இதில் போய்ப் புரட்சியா?" என்றும் கேட்பார்கள். 1947இல் சத்யஜித் ரே உள்ளிட்ட நண்பர்கள் கல்கத்தாவில் தொடங்கிய திரைப்படச் சங்கமும் சில ரசிகர்களின் கூடுகைதான். நல்ல சினிமா எது என்பதை இப்படிப்பட்ட கூடுகைகள்தான் பிறகு தீர்மானிக்கின்றன. எங்கள் குழுவிலும் உதவி இயக்குநர் வாய்ப்பு, பாட்டெழுதும் வாய்ப்பு, வாடகை அறை, காதல் எல்லாமே கிடைத்தன. யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்களுக்குக் கிடைத்தன.

'சாதி ஒழிப்பு' நூலில் 1936லேயே அம்பேத்கர் இதைத் தெளிவாக்கிவிட்டார். ஒரே மாதிரியான காரியத்தைத் தனித்தனியே செய்வதால் மட்டும் மக்கள் ஒரு சமூகமாகிவிட மாட்டார்கள். ஒரே காரியத்தில் பங்காளிகளாக வேண்டும் என்பது அவர் வாதம். ஒரே படம் பிடித்திருப்பது ஒற்றுமை. அந்தப் படத்தைப் பற்றி இருவரும் சம உரிமையோடு பேச முடிவதுதான் பங்கேற்பு.

அது முடியாத காரியமும் அல்ல. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையாக மேடையேறியது. நீலம் பண்பாட்டு மையமும் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதிபேதமற்ற' என்ற அடையாளத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். இட ஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள். சாதியற்றவர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் மேடை முழுக்கச் சாதியைத்தான் பேசினார்கள். யாருடைய ரசனையும் அதனால் கெட்டுப்போகவில்லை.

எனவே இப்படிப்பட்ட குழுக்களில் இருக்கும் தோழர்களுக்குச் சொல்கிறேன். அந்த முதல் விதியை நீக்குங்கள். எல்லா இசைக் கலைஞர்களுக்கும் ஒரே கணக்கில் ஊதியம் கொடுங்கள். பறைக்கு இடம் தராத மாடியில் கிட்டாருக்கும் கூடாதீர்கள். நகரத்தில் மைதானங்கள் இருக்கின்றன. எந்தப் படம் திரையிடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் எங்களையும் உட்கார வையுங்கள்.

இதில் என் கணக்கும் இருக்கிறது. அன்று இரவு பறைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு படியிறங்கும்போது, குழுவின் மூத்தவர் என்னிடம் கேட்டார்: "மேல என்ன படம் தம்பி போட்டீங்க? நாங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சே." இசைக்கு எட்டரை மணிக்கு வாருங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தேன். ஆறு மணிக்குப் படம் பார்க்கவும் அழைக்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை.