பட்டாளத்துக்கு எதுக்குய்யா போலீஸ் வேலை?

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். மாநிலப் பட்டியலில் முதல் இரண்டு இடத்தில் இருப்பவை பொது ஒழுங்கும் காவல்துறையும். ஆக, போலீஸ் மாநிலத்தின் வேலை. காகிதத்தில் அப்படித்தான். நடப்பில்?

1958-ல் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தது. ஒரு பகுதியை 'பதற்றமான பகுதி' என்று அறிவித்துவிட்டால் போதும். அங்கே ராணுவம் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், எச்சரித்துவிட்டுச் சுடலாம், உயிரே போனாலும் சரி. அப்படி அறிவிக்கும் அதிகாரம் 1972-ல் மத்திய அரசுக்கும் கிடைத்தது.

விளைவு என்ன? 2021 டிசம்பர் 4. நாகாலாந்தின் மோன் மாவட்டம், ஓட்டிங் கிராமம். சுரங்க வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பியவர்களைத் தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவம் சுட்டது. ஆறு பேர் காலி. அடுத்து நடந்த மோதல்களையும் சேர்த்தால் பொதுமக்கள் மட்டும் பதினான்கு பேர். ஒரு ராணுவ வீரரும் இறந்தார்.

உள்ளூர் போலீஸ் சும்மா இருக்கவில்லை. விசாரித்து, 2022-ல் 30 ராணுவத்தினர் மீது குற்றப்பத்திரிகை போட்டது. ஆனால் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி வழக்கு நடத்த மத்திய அரசின் அனுமதி வேண்டும். டெல்லி 2023-ல் கையை விரித்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது. கதை முடிந்தது!

"போலீஸ் மட்டும் யோக்கியமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் அடித்துத்தான் செத்தார்கள். ஆனால் அந்தப் போலீஸ்காரர்கள் கைதானார்கள், கொலை வழக்கில் கூண்டில் ஏறினார்கள். ஓட்டிங்கில் அது கூட நடக்கவில்லையே. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

"தீவிரவாதிகளை லத்தியால் அடக்க முடியுமா?" என்பது அடுத்த கேள்வி. முடியாதுதான். ராணுவம் போகட்டும், ஆனால் மாநில அரசு கூப்பிட்டால் போகட்டும், கொஞ்ச நாளுக்குப் போகட்டும், தப்பு செய்தால் கோர்ட்டில் பதில் சொல்லட்டும். எதிரியைச் சுடப் பழகியவனிடம் அறுபது வருஷமாக ஊர்க்காவலைக் கொடுத்தால் ஊரே அவனுக்கு எதிரியாகத்தானே தெரியும்?

இதைச் சொல்வது ஏதோ வெளிநாட்டு சதிகாரர்கள் இல்லை. இந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லி 2005-லேயே அரசு அமைத்த ஜீவன் ரெட்டி கமிட்டி அறிக்கை கொடுத்தது. 2021 டிசம்பர் 20-ல் நாகாலாந்து சட்டமன்றம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகும் பல மாவட்டங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டிப்பு!

சட்டத்தை ஒரேயடியாக எடுக்க பயமாக இருந்தால், முதலில் அந்த 6-வது பிரிவையாவது எடுங்கள். சுட்டது சரியா தப்பா என்பதை நீதிபதி சொல்லட்டும்.