பால் டப்பாவில் எதிர்ப்பு சக்தி: மருந்தா, விளம்பரமா?

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த குழு ஒன்று 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ரோட்டா வைரஸுக்கு எதிராகப் பசுக்களுக்குத் தடுப்பூசி போட்டு, அவற்றின் சீம்பாலிலிருந்து ஆன்டிபாடிகளைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றை ‘லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ் ஜிஜி’ என்ற நல்ல பாக்டீரியாவுடன் சேர்த்துச் சுண்டெலிக் குட்டிகளுக்குக் கொடுத்தார்கள். ஆன்டிபாடியைத் தனியாகக் கொடுத்தபோது தேவைப்பட்டதைவிடக் குறைந்த அளவே இப்போது வயிற்றுப்போக்கைத் தடுக்கப் போதுமானதாக இருந்தது.

இந்த ஜோடியைக் குழந்தைகளுக்கான பால்மாவில் கலந்துவிடலாம் என்ற யோசனைக்கு வலுவான அடித்தளம் உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்து 1989-இல் வெளியான ஆய்வில், வேறு காரணங்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் 55 பேருக்கு இத்தகைய சீம்பால் தரப்பட்டது. ஒருவரையும் ரோட்டா வைரஸ் தொற்றவில்லை. அதைப் பெறாத 65 பேரில் 9 பேரைத் தொற்றியது.

பாக்டீரியாவின் பக்கம் வந்தால், இந்தியாவே பெரிய சான்றைத் தந்திருக்கிறது. ஒடிசாவின் கிராமங்களில் பினாகி பாணிகிரஹி தலைமையில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2017-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவும் அதற்குத் தீனியாகும் ஒரு சர்க்கரைப் பொருளும் ஏழு நாட்கள் கொடுக்கப்பட்டன. இரத்தத்தில் பரவும் தொற்றோ இறப்போ நேர்ந்தது மருந்தில்லாப் பொடி பெற்றவர்களில் 9 சதவீதம். பாக்டீரியா பெற்றவர்களில் 5.4 சதவீதம். பொதுச் சுகாதாரத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் கிடைப்பது அபூர்வம். ஆனால் பால்மாவு விற்பவர்கள் இந்த ஆய்வை மேற்கோள் காட்டினால் ஒன்றை நினைவூட்ட வேண்டும். அது தாய்ப்பால் குடித்த குழந்தைகளிடம் நடந்தது. டப்பாப் பாலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

தாய்ப்பாலின் ஆன்டிபாடி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். தாயின் குடலுக்குள் நுழையும் கிருமிகளை அங்குள்ள எதிர்ப்பு அணுக்கள் அடையாளம் காண்கின்றன. அவற்றில் ஒரு பகுதி மார்புச் சுரப்பிக்குப் பயணப்பட்டு, அந்தக் கிருமிக்கென்றே ‘ஐஜிஏ’ வகை ஆன்டிபாடிகளைச் சுரக்கவைக்கிறது. தாயும் பிள்ளையும் ஒரே வீட்டுக் காற்றையும் தண்ணீரையும் பகிர்வதால், பிள்ளை சந்திக்கப்போகும் கிருமிக்கு எதிரான கவசம் பாலிலேயே வந்துவிடுகிறது. பசுவின் சீம்பாலில் மிகுந்திருப்பதோ ‘ஐஜிஜி’ என்ற வேறு வகை. அது எதிர்ப்பதும் அந்தப் பசு சந்தித்த கிருமிகளையும், அதற்குப் போட்ட தடுப்பூசியில் இருந்தவற்றையும்தான். நெதர்லாந்துப் பண்ணையில் மேய்ந்த மாட்டுக்கு மதுரைக் குடிநீரில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

அடுத்த சிக்கல் வெந்நீர்.

பால்மாவு கிருமியற்ற பொருள் அல்ல. குரோனோபேக்டர் என்ற பாக்டீரியா அதில் உயிரோடு இருந்து பச்சிளங்குழந்தைகளின் மூளையைத் தாக்கக்கூடும். 2022-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அபாட் நிறுவனத்தின் ஆலை மூடப்பட்டு, நாடெங்கும் பால்மாவுத் தட்டுப்பாடு வந்ததன் பின்னணியில் இந்தக் கிருமி பற்றிய அச்சம்தான் இருந்தது. இந்தக் கிருமியைக் கொல்லத்தான் பால்மாவை 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத நீரில் கரைத்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தச் சூட்டில் கெட்ட கிருமியோடு காசு கொடுத்து வாங்கிய நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும், ஆன்டிபாடியும் வலுவிழக்கலாம். வெதுவெதுப்பான நீரில் கரைத்தால் பாக்டீரியா பிழைக்கும், குரோனோபேக்டரும் பிழைக்கும். டப்பாவின் முன்பக்கத்தில் எவ்வளவு பெரிய எழுத்தில் ‘எதிர்ப்பு சக்தி’ என்று அச்சடித்தாலும் இந்த முரண்பாடு தீராது.

உண்மையான தேவை உள்ளவர்கள் குறைமாதக் குழந்தைகள். அவர்களிடம்தான் ஆபத்தும் அதிகம். 2023-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் ‘புரோபயாட்டிக்’ எனப்படும் நல்ல பாக்டீரியாவைக் கொடுப்பது பற்றி எச்சரிக்கை விடுத்தது. ஒரு கிலோவுக்கும் குறைவான எடையுடன் பிறந்த குழந்தை ஒன்று, கொடுக்கப்பட்ட அதே பாக்டீரியா இரத்தத்தில் பரவி இறந்ததே காரணம். இத்தகைய ஆற்றல் கொண்ட பொருள் உணவு வரிசையில் நிற்கலாமா? மருந்துக்குரிய சோதனையும், மருந்துக்குரிய சீட்டும் அதற்கு வேண்டும் என்பதே நியாயம்.

தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களின் தாய்களைக் குற்றவாளிகளாக்குவது அநாகரிகம். அவர்களுக்கு முதலில் கிடைக்க வேண்டியது தானப் பால். மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் தொடங்கிய தாய்ப்பால் வங்கி இதற்கு வழிகாட்டியது. அங்கும் பாலைச் சூடாக்கித்தான் பாதுகாக்கிறார்கள். ஆன்டிபாடியில் ஒரு பகுதி போனாலும் மீதி தங்குகிறது. ரோட்டா வைரஸுக்கோ, தமிழ்நாட்டில் 2017 முதல் அரசே இலவசமாகச் சொட்டு மருந்து தருகிறது.

இந்தியாவின் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் பால்மாவு விளம்பரத்தைத் தடைசெய்கிறது. டப்பாவில் குழந்தைப் படம் போடவும் விடுவதில்லை. அந்த வரிசையில் இன்னொரு விதியும் சேரலாம். ஆன்டிபாடியோ பாக்டீரியாவோ கலந்த பால்மாவைக் கொண்டுவரும் நிறுவனம், புட்டிப்பால் குடிக்கும் இந்தியக் குழந்தைகளிடம், 70 டிகிரி நீரில் கரைத்துக் கொடுத்த பிறகும் பலன் இருக்கிறது என்று காட்டிவிட்டு விற்கட்டும்.