நாதஸ்வரம் வாசித்தவர் பெயர் எங்கே?

பாட்டு இருக்கிறது, பெயர் இல்லை! கம்ப்யூட்டர் செய்யும் குழப்பம்

கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத்தில் கல்யாண வீடு என்றால் நாதஸ்வரம் ஒலிக்கும். மேளக்காரர் வராவிட்டாலும் ஒலிபெருக்கியில் ஒலிக்கும்.

1962-ல் வெளிவந்த படம் "கொஞ்சும் சலங்கை". அதில் எஸ். ஜானகி பாடிய முருகன் பாட்டை அறியாதவர் இல்லை. ஜானகியின் குரலோடு போட்டி போட்டு வரும் நாதஸ்வரம் யாருடையது?

காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் அது! 1921-ல் பிறந்தவர். கோவில்பட்டியில் வாழ்ந்தவர். 1964-ல் காலமானார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது.

ஆனால், அந்தப் பாட்டைச் செல்போனில் போட்டுப் பாருங்கள். பல நேரம் ஜானகியின் பெயர் மட்டும் வரும். சில நேரம் அதுவும் வராது. "டிராக் 5" என்று வரும்!

ஊரில் சிலை, செல்போனில் பெயர் இல்லை. ஏன்?

36 இடம் வேண்டும்

கம்ப்யூட்டரில் உள்ள ஒவ்வொரு பாட்டோடும் ஒரு விவரச் சீட்டு ஒட்டியிருக்கும். பாடியவர் யார், என்ன படம், எந்த ஆண்டு என்பதெல்லாம் அதில் இருக்கும். இதைத்தான் "மெட்டாடேட்டா" என்கிறார்கள்.

எம்.பி.3 பாட்டுகளுக்கு இந்தச் சீட்டு 1996-ல் வந்தது. அதில் ஒரு பெயருக்கு 30 இடம்தான். ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் போதும். இன்று பரவலாக உள்ள "யூனிகோட்" முறையில் தமிழ் எழுத்துக்கு 3 இடம் வேண்டும். கால், கொம்பு, புள்ளி இருந்தால் இன்னும் 3 இடம்.

"காருகுறிச்சி" என்று எழுதவே 36 இடம் வேண்டும். ஊர்ப் பெயருக்கே இடம் போதவில்லை. அருணாசலம் எங்கே உட்காருவார்?

பிறகு பெரிய சீட்டு வந்தது. எந்த வாத்தியத்தை யார் வாசித்தார் என்று எழுதவும் 2000-ல் இடம் ஒதுக்கினார்கள். ஆனால் எழுதுவோர் குறைவு. எழுதினாலும் பல மென்பொருள்கள் காட்டுவதில்லை.

ஒருவரே மூவர்!

இன்னொரு குழப்பம். ஒருவர் "அருணாசலம்" என்று எழுதுகிறார். மற்றொருவர் "அருணாச்சலம்" என்கிறார். மூன்றாமவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். கம்ப்யூட்டர் மூன்று ஆட்கள் என்று நினைத்துக்கொள்கிறது!

இதற்கு வழி, கரிசல் காட்டு விவசாயிக்குத் தெரிந்ததுதான். நிலத்தை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் சர்வே நம்பர் ஒன்றுதான். அதுபோல "மியூசிக்பிரெயின்ஸ்" என்ற பொதுப் பட்டியல் ஒவ்வொரு கலைஞருக்கும் ஒரு அடையாள எண் தருகிறது. எழுத்து மாறினாலும் ஆள் மாறமாட்டார். மென்பொருள் அந்த எண்ணைப் பார்த்தால் குழப்பம் தீரும்.

பெட்டியைக் காணோம்

சீட்டு சரியாக இருந்தால் போதுமா? பாட்டு கைக்குக் கிடைக்க வேண்டுமே!

கயத்தாற்றில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தாத்தா சேர்த்த கேசட் பாட்டுகளைப் பேரன் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான். வீட்டில் யார் வேண்டுமானாலும் தம் செல்போனில் கேட்கலாம். இப்படிப் பாட்டைச் சேர்த்து வைத்து வழங்கும் கம்ப்யூட்டருக்கு "மீடியா சர்வர்" என்று பெயர்.

செல்போன் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? தண்டோரா போடுவது போலத்தான்! "பாட்டு வைத்திருப்பவர் யார்?" என்று வீட்டு வைஃபையில் கூவுகிறது. "நான்தான்" என்று கம்ப்யூட்டர் பதில் சொல்கிறது. 1999-ல் பல கம்பெனிகள் ஒன்றுகூடி வகுக்கத் தொடங்கிய முறை இது.

சில வைஃபை பெட்டிகள் இந்தக் கூவலைத் தடுத்துவிடும். கம்ப்யூட்டர் தூங்கிப்போயிருக்கும். உடனே செல்போன், "எதுவும் இல்லை" என்று கைவிரிக்கும். பாட்டெல்லாம் போய்விட்டது என்று தாத்தா பதறுவார்.

நல்ல மென்பொருள் என்ன செய்ய வேண்டும்? மறுபடி கூப்பிட வேண்டும். முன்பு கிடைத்த முகவரியை நினைவில் வைத்துத் தேட வேண்டும். முகவரியை நாமே எழுதவும் வழி விட வேண்டும். கிடைக்காவிட்டால், "பாட்டு இல்லை" என்று சொல்லக்கூடாது. "கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை" என்று உண்மையைச் சொல்ல வேண்டும்.

எட்டயபுரம் காட்டிய வழி

கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கிறது எட்டயபுரம். அங்கே 1904-ல் சுப்பராம தீட்சிதர் "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" என்ற பெரிய நூலை வெளியிட்டார். இன்ன கீர்த்தனை, இன்ன ராகம், இன்ன தாளம், இயற்றியவர் இன்னார் என்று வரிசைப்படுத்தி, ஸ்வரமும் எழுதி வைத்தார். அப்போது கம்ப்யூட்டர் ஏது?

கருவி இல்லாத காலத்தில் அவ்வளவு கவனம்! கருவி வந்த காலத்தில் இவ்வளவு அலட்சியமா?

மென்பொருள் செய்வோர் தமிழ்ப் பெயருக்கும், வாத்தியக்காரர் பெயருக்கும் இடம் தர வேண்டும். வீட்டில் உள்ளவர்களும் ஒன்று செய்யலாம். பழைய கேசட் அட்டையில் உள்ள பெயர்களைப் பார்த்து, பாட்டின் சீட்டில் பிழையில்லாமல் எழுதலாம். கண் நன்றாகத் தெரியும் பிள்ளைகள் எழுதட்டும். விவரம் அறிந்த பெரியவர்கள் சொல்லட்டும்.

பெயர் தெரிந்தால்தான் தேட முடியும். தேடினால்தான் அடுத்த தலைமுறை கேட்கும்.