மணற்சோறும் புலமைப்பரிசிலும்

நான்கு வயதுக் குழந்தையின் கையிலே பென்சிலைத் திணித்து, அகரம் முதலாகப் பக்கம் பக்கமாக எழுதச் செய்துவிட்டு, அதற்குக் கல்வி என்று பெயர் சூட்டுகிறோம். முன்பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் சிரட்டையில் மணற்சோறு ஆக்கினாலோ, "காசு கட்டி அனுப்புவது விளையாடவா?" என்று பெற்றோர் சீறுகின்றனர். அவர்களை நோவதிற் பயனில்லை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் முன்பள்ளி வாசல்வரை நீண்டு கிடக்கிறது.

அந்த மணற்சோற்றைச் சற்று உற்று நோக்குவோம். கடைக்காரராக இருக்க மூவர் விரும்புகின்றனர், கடையோ ஒன்று. அழுகை, பிடுங்கல், கோபித்துக்கொண்டு வேலியோரம் போய் நிற்றல் யாவும் நிகழ்கின்றன. பின்னர், "முதல் நீ, பிறகு அவள்" என்றோர் உடன்பாடு பிறக்கிறது. அதனை ஆக்கியவர்கள் அவர்களே. ஆகவே காப்பவர்களும் அவர்களே. சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933இல் ஆற்றிய விரிவுரையில் இதனையே விளக்கினார். ஓட்டப் பந்தயத்திலே உடனே ஓடிவிடத் துடிக்கும் குழந்தை, ஆட்டத்தின் விதிக்காகத் தன்னைத் தானே அடக்கிக் காத்து நிற்கிறது. பிரம்புக்கு அஞ்சிக் கைகட்டி நிற்பதும் இதுவும் ஒன்றாகுமா? புள்ளிகளைக் குவித்தும், பக்கத்திலிருப்பவனுக்குத் தன் கொப்பியைக் காட்ட மறுக்கும் மாணவனை மேல்வகுப்புகளில் நாம் நாள்தோறும் காண்கிறோமே!

குழந்தைகளின் விளையாட்டு ஆள்வோரை அச்சுறுத்தியதும் உண்டு. புரோபல் தொடக்கிய குழந்தைப் பூங்காக்களை, 1848ஆம் ஆண்டுப் புரட்சியின் பீதி தீராத பிரஷ்ய அரசு 1851இல் தடைசெய்தது. நாத்திகமும் சமதர்மமும் பரப்புகின்றனவாம்! (பெறாமகன் எழுதியதைப் புரோபலின் தலையிற் கட்டிவிட்டார்கள் என்பது வேறு கதை.) தடை நீங்க 1860 ஆயிற்று.

விளையாட்டு முறை வசதி படைத்தோரின் ஆடம்பரம் என்று முற்போக்கு நண்பர்கள் சிலரே கூறக் கேட்கிறோம். மொண்டிசோரி அம்மையார் 1907இல் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோமாபுரியின் சான் லொறென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலேயாகும். அவர் பெயரைப் பலகையில் எழுதிக் காசு பண்ணுவது பின்வந்தோர் கண்ட தொழில்.

1945இல் நடைமுறைக்கு வந்த நமது இலவசக் கல்வி முதலாந் தரத்திலேதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய ஆண்டுகள் பெரும்பாலும் தனியார் கையிலும் தருமத்தின் தயவிலும் விடப்பட்டுள்ளன. கடைக்காரச் சண்டையைப் பிள்ளைகளே தீர்க்கும்வரை பொறுத்திருக்கும் ஆசிரியைகளிற் பலருக்கு நிரந்தர நியமனமோ வாழப் போதிய ஊதியமோ இல்லை. அடுத்த சம்பளக் கோரிக்கையை வரையும்போது, நமது ஆசிரியர் சங்கங்கள் அவர்களையும் அதிற் சேர்த்தாக வேண்டும்.