எலும்பு நன்றாயிருந்தால் நோயே இல்லையா?

"எக்ஸ்ரே படத்தில் எலும்பு நன்றாயிருக்கிறது, நாளைக்குப் பெரட்டுக்கு வந்துவிடு!" நெகிரி செம்பிலான் தோட்டங்களில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன தீர்ப்பு இது. அந்தப் படத்தில் எலும்பு தெரியும். நசுங்கும் நரம்பு தெரியாது. தெரியாததை இல்லாதது என்பது எந்த ஊர் நியாயம்?

பிட்டத்தின் ஆழத்திலே, முதுகின் அடியெலும்பிலிருந்து தொடையெலும்பின் தலைப்புக்குக் குறுக்கே ஓடும் பிரிபார்மிஸ் என்ற தசை உண்டு. காலுக்குப் போகும் பெரிய நரம்பு பெரும்பாலோருக்கு அதன் அடியிலும், சிலருக்கு அதை ஊடுருவியும் செல்கிறது. மழை ஈரத்தில் வழுக்கிப் பிட்டம் அடிபட விழுந்தால் அத்தசை புண்பட்டு இறுகி நரம்பை நெருக்கும். காண்டா வாளி சுமந்து மேடேறியவர்களுக்கும், இன்று செம்பனைக் குலை தூக்குகிறவர்களுக்கும் இந்த நோவு அந்நியமல்ல. பிட்டத்தில் பிறந்து தொடையின் பின்புறமாக இறங்கும், உட்கார்ந்தால் கூடும். 1947-லேயே டாக்டர் ராபின்சன் இதற்குப் பெயர் சூட்டிவிட்டார். தோட்டத்துக் கிளினிக்குகளுக்குச் சேதி இன்னும் வந்து சேரவில்லை போலும்!

நோயாளியைப் படுக்கவைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, தொடையை உட்புறமாகச் சாய்த்துத் திருப்பிப் பார்க்கட்டும். பிட்டத்தை அழுத்திப் பார்க்கட்டும். ஐந்து நிமிட வேலை! முதுகெலும்புத் தட்டு பிதுங்கினாலும் இதே வலி வரும், அதுவே அதிகம். ஐயமிருந்தால் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கு அனுப்பட்டும். பாதம் தொங்கினாலோ, சிறுநீர் கட்டினாலோ, மலசலம் அடக்க முடியாமற் போனாலோ அன்றைக்கே அனுப்பியாக வேண்டும்.

சிகிச்சை எளியது: நோகடிக்கும் வேலையிலிருந்து ஓய்வு, தசையை நீட்டும் பயிற்சி, வலி மாத்திரை. அடங்காவிட்டால் அத்தசையிலே நிபுணர் போடும் ஊசி. அறுவை வெகு சிலருக்கே. இவற்றில் ஓய்வு ஒன்றைத்தான் நிர்வாகம் கொடுக்க மனமில்லாமல் இழுக்கிறது, மாத்திரை மலிவல்லவா! 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குள் 18, அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இது துரை போடும் பிச்சையல்ல.

வேலையில் விழுந்திருந்தால் அது விபத்து. தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால் சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். "வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிடு" என்று தண்டலோ கிராணியோ காதில் ஓதினால் கேளாதீர்! விழுந்த நிரை, நேரம், பார்த்தவர் பெயர் மூன்றையும் அன்றே எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.