பிள்ளையும் படிக்க வேண்டிய பத்திரம்

ஜூன் பிறந்ததும் மும்பைக்கு மழை வருகிறது. அதன் பின்னாலேயே கல்லூரிச் சேர்க்கைக் காலமும் வந்துவிடுகிறது. சயான், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டின் பெருநாள் தீபாவளியா பொங்கலா என்று கேட்டால், பிள்ளை கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் நாளையும் அவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களும், விடியற்காலையில் இட்லிப் பாத்திரம் சுமந்து தெருத்தெருவாய் விற்றுக் குடும்பத்தை நிலைநிறுத்தியவர்களின் மக்களும் இன்று பொறியியலும் வணிகவியலும் செவிலியமும் பயிலச் செல்கின்றனர். அவர்களை வழியனுப்பும் பெற்றோரின் முகத்தில் காணும் பெருமிதம் முற்றிலும் நியாயமானதே.

இவ்வட்டாரத்தில் கல்லூரி என்பது கண்ணுக்கு எட்டாத பொருளன்று. மாட்டுங்காவில் 1932ஆம் ஆண்டில் தொடங்கிய சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி, 1960இல் சயானில் தன் கல்லூரியை நிறுவியது. 1887இல் தோன்றிய விஜேடிஐ, 1933இல் தோன்றிய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம், 1937இல் தொடங்கிய ரூயா, கால்சா கல்லூரிகள், 1941இல் தொடங்கிய போதார் வணிகவியல் கல்லூரி ஆகிய அனைத்தும் மாட்டுங்காவில் ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் உள்ளன. சயான் மருத்துவமனை என்று நாம் அழைக்கும் லோகமான்ய திலக் மருத்துவமனையோடு இணைந்து 1964 முதல் மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. அம்மருத்துவமனையில் பிறந்த குழந்தை அங்கேயே மருத்துவம் பயில வேண்டும் என்று கனவு காணும் தாய்மார் இப்பகுதியில் உண்டு. ஆகவே பலருக்குத் தடையாக நிற்பது தொலைவன்று, செலவே. அச்செலவைக் குடும்பம் எவ்வாறு சுமக்கிறது, அதில் பிள்ளையின் பங்கு என்ன என்பது பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

கல்விக்கடன் மேசைக்கு இப்புறம் அமர்ந்திருக்கும் நாங்கள் ஆண்டுதோறும் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு. “நீ படிப்பை மட்டும் பார், பணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று பெற்றோர் பிள்ளையிடம் கூறுவதே அது. சில வீடுகளில் இதனினும் ஒரு படி மேலே செல்கின்றனர். கட்டணம் எவ்வளவு, கடன் எவ்வளவு, எந்த நகை அடகில் இருக்கிறது, எந்தச் சீட்டுப் பணம் முன்கூட்டியே எடுக்கப்பட்டது என்பன யாவும் பிள்ளையின் காதுக்குச் செல்லாமல் காக்கப்படுகின்றன. கல்விக்கடன் பத்திரத்தில் கையெழுத்திட வரும் மாணவரிடம் தொகையைக் கேட்டால், அவர் தந்தையின் முகத்தைப் பார்க்கிறார். இவ்வாக்கியத்தின் பின்னால் இருப்பது தூய அன்பு என்பதை நாங்கள் அறிவோம். எங்களில் பலரும் இதே வயதுப் பிள்ளைகளின் பெற்றோரே. ஆயினும் இந்த அன்பு பிள்ளைக்கு நன்மை செய்வதில்லை என்பதே எங்கள் கருத்து.

முதலாவதாக, கடன் யாருடையது என்பதைப் பார்ப்போம். இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் வகுத்து, பின்னர்ப் பலமுறை திருத்திய மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தின்படி, மாணவர்தாம் கடனாளி. பெற்றோர் கூட்டுக் கடனாளி. பதினெட்டு வயது நிறைவதற்குள் சேர்க்கை பெறும் மாணவருக்காகப் பெற்றோர் பத்திரம் எழுதித் தந்தாலும், வயது நிறைந்தபின் அதனை ஏற்று உறுதிசெய்யும் கடிதத்தை மாணவரிடம் வங்கி பெறுகிறது. தவணை தவறினால் இருவரின் கடன் தரமதிப்பும் குறையும். தனக்குத் தெரியாத நிலுவை ஒன்று தன் பெயரில் இருப்பதை, பணியில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து வீட்டுக்கடன் கேட்கச் செல்லும்போது ஓர் இளைஞர் அறிந்துகொள்வது எத்தகைய அதிர்ச்சி! பெற்றோர் மறைத்தது கவலையை மட்டும் என்று எண்ணியிருப்பர். உண்மையில் பிள்ளையின் பொறுப்பையே அவரிடமிருந்து மறைத்திருக்கின்றனர்.

இரண்டாவதாக, அறியாமைக்கு விலை உண்டு. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டு தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வீதம் மொத்தம் 4 லட்சம் கடன் பெறப்படுகிறது. கணக்கிடும் வசதிக்காக வட்டி 9 விழுக்காடு என்று கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. இதனையே மொராட்டோரியம் என்கிறோம். ஆனால் அக்காலத்தில் தவணைதான் உறங்குகிறது, வட்டி உறங்குவதில்லை. முதலாண்டு 9,000, இரண்டாமாண்டு 18,000, மூன்றாமாண்டு 27,000, நான்காமாண்டு 36,000, வேலை தேடும் ஐந்தாமாண்டு 36,000 ரூபாய் எனத் தனிவட்டி மட்டுமே 1,26,000 ரூபாய் சேர்கிறது. தவணை தொடங்கும் நாளில் கடன் 5,26,000 ரூபாய். பத்தாண்டுகளில் அடைப்பதாயின் மாதத் தவணை ஏறத்தாழ 6,660 ரூபாய். வட்டியை அவ்வப்போதே செலுத்தி வந்திருந்தால் அசல் 4 லட்சம் மட்டுமே நிற்கும். தவணை ஏறத்தாழ 5,070 ரூபாயாகும். முதலாண்டில் மாதம் 750 ரூபாய் செலுத்தியிருந்தாலே அவ்வாண்டு வட்டி தீர்ந்திருக்கும். மாலை வேளையில் சிறுவர்க்குப் பாடம் சொல்லித்தரும் ஒரு கல்லூரி மாணவருக்கு 750 ரூபாய் எட்டாத தொகையன்று. ஆனால் அப்படியொரு வட்டி இருப்பதே தெரியாதவர் எதனைச் செலுத்துவார்?

அரசு தரும் சலுகைகளும் இவ்வாறே. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்வரை உள்ள மாணவர்கள் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்குப் பெறும் கடனில், தகுதி விதிகளுக்கு உட்பட்டு, மொராட்டோரியக் கால வட்டி முழுவதையும் மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் உள்ளது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமித் திட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் பயில்வோருக்குப் பிணையின்றிக் கடன் தருவதோடு, 8 லட்சம் ரூபாய்வரை வருமானமுள்ள குடும்பத்து மாணவர்களின் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் அளிக்கிறது. இவற்றுக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாணவரின் கைப்பேசிக்கு வரும் தகவல்களுக்கு உரிய காலத்தில் மறுமொழி தர வேண்டும். இவ்வளவையும் பிள்ளைக்குத் தெரியாமல் பெற்றோரே செய்து முடிப்பது கடினம்.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. எங்கள் கிளைக்கு வரும் பல தாய்மாருக்கு ஆங்கிலமோ இந்தியோ மராத்தியோ எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்காகப் பணம் கட்டும் சீட்டை நிரப்புவதும், சேமிப்புப் புத்தகத்தில் இருப்பைப் படித்துச் சொல்வதும், மின்கட்டண அறிவிப்பை விளக்குவதும் எட்டாம் வகுப்புப் பிள்ளைதான். குடும்பத்தின் கண்ணாக இருந்து எல்லாக் காகிதங்களையும் படித்த அப்பிள்ளை, தன் எதிர்காலத்தைக் குறித்த ஒரு காகிதத்தை மட்டும் படிக்க வேண்டாம் என்று தடுக்கப்படுவது என்ன நியாயம்?

“கணக்கைச் சொன்னால் பிள்ளை கலங்கிவிடும், படிப்பில் மனம் செல்லாது” என்பது பெற்றோரின் மறுமொழி. இந்த அச்சம் புறந்தள்ளத் தக்கதன்று. “உனக்காக எவ்வளவு கஷ்டப்படுகிறோம் தெரியுமா” என்று ஒவ்வொரு தேர்வுக்கும் முன் நினைவூட்டினால் எப்பிள்ளையும் கலங்கும். ஆனால் குறை சொல்வது வேறு, கணக்குச் சொல்வது வேறு. குத்திக்காட்டலாக வரும் தொகை பிள்ளையை நசுக்கும். நம்பிக்கையோடு சொல்லப்படும் தொகை பிள்ளையை நிமிர்த்தும்.

இதற்குத் தமிழகமே நன்கறிந்த சான்று உண்டு. இராமேசுவரத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவருக்குச் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியான எம்ஐடியில் இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய தந்தையிடம் அத்தொகை இல்லை. தமக்கை சோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் திரட்டினார். அத்தம்பி அப்துல் கலாம். தமக்கை செய்ததை அவர் அறிந்திருந்தார். தம் சொந்த வருவாயிலேயே அவ்வளையல்களை மீட்பதென உறுதி பூண்டார். அதற்கு உதவித்தொகை பெறும் அளவுக்கு நன்கு படிப்பதே வழி என்று உணர்ந்தார். இதனைத் தம் தன்வரலாற்றில் அவரே பதிவு செய்துள்ளார். அடகு வைத்த செய்தி அவரிடமிருந்து மறைக்கப்பட்டிருந்தால், அந்த உறுதி பிறந்திருக்க வாய்ப்பில்லை.

மகாராட்டிரத்தில் வாழும் நமக்கு இதற்கொரு நல்ல வாய்ப்பும் அமைந்துள்ளது. ஊரில் ‘பிளஸ் ஒன்’ என்று பள்ளியிலேயே பயிலும் பதினோராம் வகுப்பு இங்கு ‘ஜூனியர் காலேஜ்’ ஆகிறது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பதினாறு வயதிலேயே கல்லூரி மாணவர். பட்டப்படிப்புக்கு முந்தைய அவ்விரண்டு ஆண்டுகளைப் பயிற்சிக் காலமாகக் கொள்ளலாம். பத்து வயது நிறைந்த சிறுவர், வங்கியின் விதிகளுக்கு உட்பட்டுத் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க இயலும். ரயில் பயணச் சீட்டுக்கான மாணவர் சலுகைப் படிவத்தைக் கல்லூரியில் பெற்று மாதாந்திரச் சீட்டு எடுப்பதும், தேர்வுக் கட்டணம் செலுத்துவதும், கைச்செலவை எழுதி வைப்பதும் பிள்ளையின் பொறுப்பில் விடப்படட்டும். பதினெட்டு வயது நிறையும் நாளில் காப்பாளரின் அதிகாரம் முடிந்து, பிள்ளையின் கையெழுத்து மாதிரி வங்கியில் பதிவாகிறது. அக்கையெழுத்துக்கு முன்னதாகவே அதன் பொருள் பிள்ளைக்கு விளங்கியிருக்க வேண்டும்.

எனவே இவ்வாண்டு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோரிடம் நாங்கள் வேண்டுவது இதுதான். ஒரு மாலைப்பொழுதில் கட்டண விவரத்தையும் கடன் அனுமதிக் கடிதத்தையும் பிள்ளையின் முன் விரித்து வையுங்கள். எது உங்கள் சேமிப்பு, எது கடன், வட்டி எவ்வளவு, தவணை எப்போது தொடங்கும் என்பதைப் பிள்ளையே வாய்விட்டுப் படிக்கட்டும். கடன் கணக்கின் குறுஞ்செய்திகள் பிள்ளையின் கைப்பேசிக்கும் வருமாறு செய்யுங்கள். கடன் பேச வங்கிக்கு வரும்போது பிள்ளையை அழைத்து வாருங்கள். மேசைக்கு முன்னுள்ள இரு நாற்காலிகளில் ஒன்றில் அமரச் செய்யுங்கள். கேள்விகளை அவர் கேட்கட்டும். விடை சொல்வது எங்கள் கடமை.

பிள்ளை வளர்ந்துவிட்டது என்று கண்டு மகிழ்வதுதான் இந்நாளின் பெருமிதம். வளர்ந்த பிள்ளையிடம் வீட்டுக் கணக்கைச் சொல்லத் தயங்குவானேன்?